துறை கடந்த களப் பாடத்துக்கு நம் கல்லூரிகளில் நிதி எங்கிருந்து வரும்?

சென்னையில் அரசு உதவி பெறும் தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் பொருளியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறீர்கள். விலங்கியல் துறையில் பணிபுரியும் தோழியோடு சேர்ந்து பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை வைத்து ஒரு பருவப் பாடம் நடத்த விரும்புகிறீர்கள். மாணவர்கள் வகுப்பில் பாதி, களத்தில் பாதி எனப் படிக்க வேண்டும் என்பது உங்கள் திட்டம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இத்தகைய பாடங்களை உருவாக்கும் ஆசிரியர்களுக்குத் தனியாக நல்கை தருவதைப் பார்த்துவிட்டு, இங்கே யாரிடம் விண்ணப்பிப்பது, எவ்வளவு கேட்பது என்று வினவியிருக்கிறீர்கள். கேள்வியின் கடைசி வரியில், வாரம் 16 மணி நேர வகுப்பு ஏற்கெனவே இருக்கிறது என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். என் பார்வையில் உங்கள் உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது. ஆகவே பணத்தையும் நேரத்தையும் சேர்த்தே பதில் சொல்கிறேன். நான் கலை அறிவியல் கல்லூரியில் நெடுங்காலம் கற்பித்தவன். பாடத்திட்டக் குழுக்களிலும், ஆசிரியர்களின் நிதி விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் குழுக்களிலும் உட்கார்ந்திருக்கிறேன். பொறியியல், மருத்துவக் கல்லூரிகளின் நடைமுறை வேறு. அவற்றுக்கு நான் சொல்வது முழுவதும் பொருந்தாது.

நீங்கள் பார்த்த வெளிநாட்டு ஏற்பாட்டின் அடிப்படையை முதலில் புரிந்துகொள்வது நல்லது. டியூக் பல்கலைக்கழகம் 2013-இல் தொடங்கிய பாஸ் கனெக்‌ஷன்ஸ் என்ற திட்டத்தில் பல துறை ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் இளநிலை மாணவர்களும் ஒரே குழுவாக ஒரு நடைமுறைச் சிக்கலை எடுத்து உழைக்கிறார்கள். அதற்கு அடித்தளமாக அமைந்தது ஒரு தம்பதியர் தந்த 5 கோடி டாலர் நன்கொடை. ஹார்வர்டில் 2011-இல் கற்றல் கற்பித்தலுக்காகத் தொடங்கிய முயற்சிக்கும் இன்னொரு தம்பதியரின் 4 கோடி டாலர்தான் முதல். தொகை பெரிது என்பதை விடுங்கள். அங்கே பணத்தைப் பகிர்ந்து தருவதும், பாடத்துக்குக் கிரெடிட் வழங்குவதும், ஆசிரியரின் பணிச்சுமையைக் குறைப்பதும் ஒரே பல்கலைக்கழகம் என்பதே கவனிக்க வேண்டியது. நம்மிடம் பணம் தருபவர் டில்லியிலோ ஹைதராபாத்திலோ இருப்பார். கிரெடிட்டை உங்கள் பாடத்திட்டக் குழுவும் கல்விக் குழுவும் முடிவு செய்யும். கால அட்டவணை முதல்வர் கையில். மூன்றும் தனித்தனி மேசைகள். அங்குள்ள விண்ணப்பத்தை அப்படியே நகலெடுத்து இங்கே அனுப்பினால் அது எந்த மேசைக்கும் பொருந்தாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. கற்பித்தலுக்கென்றே, அதுவும் துறை கடந்த பாடம் ஒன்றை உருவாக்குவதற்கென்றே, தனி ஆசிரியர் விண்ணப்பித்துப் பெறும் வழக்கமான நல்கை என்று நம் கலைக் கல்லூரிகளின் முன் இன்று எதுவும் காத்திருக்கவில்லை. முன்பு பல்கலைக்கழக மானியக் குழுவிடம் (யுஜிசி), துறைகளுக்கு இடைப்பட்ட புதிய படிப்புகளைக் கற்பிக்கவும் ஆராயவும் உதவும் திட்டம் ஒன்று இருந்தது. 11-ஆம், 12-ஆம் ஐந்தாண்டுத் திட்டக் காலங்களில் பல நிறுவனங்கள் அதைப் பயன்படுத்தின. ஆனால் அதுவும் தனி ஆசிரியருக்கு அல்ல, நிறுவனத்துக்கு. தனிப் பாடத்துக்கு அல்ல, முழுப் படிப்புக்கு. 12-ஆம் திட்டம் 2017 மார்ச்சில் முடிந்தபோது ஐந்தாண்டு வளர்ச்சி மானியம் என்ற பழக்கமான வாசலும் மூடியது. ஓய்வு பெற்ற பேராசிரியர்கள் யாராவது ‘யுஜிசிக்கு எழுதிப் போடு, வரும்’ என்று சொன்னால் அவர்கள் அந்தக் காலத்தை நினைத்துச் சொல்கிறார்கள் என்று கொள்ளுங்கள்.

இப்போது எஞ்சியிருப்பவற்றில் பெரும்பாலானவை ஆய்வுக்கான நிதி. இந்தியச் சமூக அறிவியல் ஆய்வுக் கழகம் ஆய்வுத் திட்டங்களுக்கும் கருத்தரங்குகளுக்கும் தருகிறது. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம், மாணவர்களின் இறுதியாண்டுச் செயல்திட்டங்களுக்கு வழிகாட்டி ஆசிரியர் மூலமாகச் சிறு தொகை தரும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. உங்கள் விலங்கியல் தோழி அதற்கு விண்ணப்பிக்கலாம். கல்லூரிகள் கிராமங்களைத் தத்தெடுத்து உதவுவதற்காக மத்திய அரசு 2014-இல் தொடங்கிய உன்னத் பாரத் அபியான் திட்டத்தில் உங்கள் கல்லூரி சேர்ந்திருந்தால், தத்தெடுத்த கிராமங்களில் நடக்கும் பணிக்கு ஒரு வழி உண்டு. ஆனால் பள்ளிக்கரணை அந்தக் கிராமப் பட்டியலில் வராது. எல்லாவற்றுக்கும் முன்னதாக, உங்கள் கல்லூரிக்கு யுஜிசி சட்டத்தின் 2(எஃப்), 12(பி) பிரிவுகளின்கீழ் அங்கீகாரம் இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்; 12(பி) இல்லாத கல்லூரிக்கு மத்திய நிதி பெரும்பாலும் கனவுதான். தொகைகளும் கடைசித் தேதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் நான் எண்களைத் தரவில்லை. நடப்பு அறிவிப்பைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

இந்த நிலையில் உங்கள் மூத்த சக ஊழியர்கள் ஒரு யோசனை சொல்வார்கள்: பாடத்தை ஆய்வுத் திட்டமாக எழுதிவிடு, பணம் வந்தபின் பாடமாக நடத்திக்கொள். இந்த யோசனைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. யுஜிசியின் 2018 விதிமுறைகளில், பதவி உயர்வுக்கும் பணி நியமனத்துக்கும் பயன்படும் மதிப்பெண் அட்டவணையில், ஒரு புதிய பாடத்தை வடிவமைத்தால் 2 மதிப்பெண். புதுமையான கற்பித்தல் முறை ஒன்றை உருவாக்கினால் 5. ஆனால் 10 லட்சத்துக்குக் குறைவான ஆய்வுத் திட்டம் ஒன்றை முடித்தாலே 5, அதற்கு மேற்பட்டதென்றால் 10. ஓராண்டு முழுக்க மாணவர்களைச் சேற்றில் இறக்கிப் பாடம் நடத்தியவருக்கு 2, மேசையில் அமர்ந்து ஒரு சிறு திட்டத்தை முடித்தவருக்கு 5 என்றால், எவர் எந்தப் பக்கம் போவார் என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் அந்த யோசனையை நான் ஏற்கமாட்டேன். ஆய்வு நிதியில் களப்பணி உதவியாளருக்கு ஊதியம் உண்டு, தலைமை ஆய்வாளருக்குப் பயணப்படி உண்டு. 30 மாணவர்களைப் பேருந்தில் ஏற்றிச் செல்லும் செலவுக்குத் தலைப்பு இராது. நீங்கள் அதைக் ‘களப்பணி’ என்ற தலைப்பில் எழுதினால் தணிக்கையில் அது கேள்வியாக வரும். இறுதியில் அவர்கள் கேட்பது அறிக்கையும் கட்டுரைகளும்தான். மாணவர்கள் என்ன கற்றார்கள் என்பது அவர்களுக்குப் பொருட்டல்ல. மாணவர்கள் உண்மையாகவே தரவு திரட்டுவார்கள், அதிலிருந்து உங்களிடம் ஒரு தெளிவான ஆய்வுக் கேள்வி எழுகிறது என்றால், பாடம் ஒரு முறை நடந்து முடிந்த பின் அதைத் தனி ஆய்வுத் திட்டமாக எழுதுங்கள். அதில் எந்தத் தவறும் இல்லை, விண்ணப்பமும் வலுவாக இருக்கும்.

ஆகவே என் ஆலோசனையின் வரிசை வேறு. முதலில் பாடத்துக்கு ஒரு இடம், பிறகு உங்களுக்கு நேரம், கடைசியில் பணம். தன்னாட்சிக் கல்லூரி என்பது உங்களுக்குக் கிடைத்த பெரிய வசதி. சென்னையில் லயோலா, சென்னைக் கிறித்துவக் கல்லூரி போன்றவை 1978-இலேயே தன்னாட்சி பெற்றபோது அதன் நோக்கமே பாடத்தை ஆசிரியர்களே வகுக்கலாம் என்பதுதான். நம் இளநிலைப் படிப்பின் அமைப்பிலேயே துறை கடந்த பாடத்துக்கு ஓர் இடம் ஏற்கெனவே இருக்கிறது: நான்காம் பகுதியில் வரும் நான்-மேஜர் எலெக்டிவ். பிற துறை மாணவர்களுக்காகவே வைத்த இந்தத் தாளில் கல்லூரிகள் பெரும்பாலும் ‘அடிப்படைக் கணினி’, ‘அடிப்படைக் கணக்கியல்’ என்று ஏதாவது ஒன்றைப் போட்டு ஒப்பேற்றிவிடுகின்றன. பொருளியலும் விலங்கியலும் சேர்ந்து அதில் ஒரு தாள் கொண்டுவந்தால் புதிய படிப்பு தொடங்கும் சிரமம் எதுவுமின்றி இரண்டு துறைகளின் பாடத்திட்டக் குழுக்களிலும் நிறைவேற்றலாம். இன்னொரு வாசல் சுற்றுச்சூழல் கல்வித் தாள். உச்ச நீதிமன்ற ஆணைக்குப் பின் யுஜிசி வகுத்த ஆறு மாதப் பாடத்தில் களப்பணி ஒரு தனி அலகு. ஐந்து விரிவுரை நேரத்துக்குச் சமம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. பல கல்லூரிகளில் அந்த அலகு, இணையத்திலிருந்து எடுத்த படங்களை ஒட்டிச் சமர்ப்பிக்கும் ஒரு ஸ்பைரல் பைண்டிங் நோட்டாகச் சுருங்கிவிட்டது. அந்த ஐந்து மணி நேரத்தை உண்மையான களத்துக்குக் கொண்டுபோவதாகச் சொன்னால் எந்த முதல்வரும் விதியைக் காட்டித் தடுக்க முடியாது.

நேரத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர நேரடிக் கற்பித்தல் என்பது யுஜிசி வகுத்தது. யுஜிசி 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைக் கிரெடிட் கட்டமைப்பின்படி, களப்பணியில் வாரத்துக்கு 2 மணி நேரம், 15 வாரப் பருவத்தில் 30 மணி நேரம், ஒரு கிரெடிட்டுக்குச் சமம். நம் கல்லூரிகள் அவரவர் பல்கலைக்கழக விதிகளையும் மாநில அரசின் நிலைப்பாட்டையும் பார்த்தே நடக்கின்றன என்றாலும், குழுவில் எடுத்துக்காட்டி வாதாட இந்தக் கணக்கு உதவும். நீங்கள் கேட்க வேண்டியது இரண்டு விஷயங்கள். இரண்டு ஆசிரியர்கள் ஒரே வகுப்பில் நிற்கும் நேரம் இருவருக்கும் முழுமையாகக் கணக்கில் வருமா, பாதி பாதியாகப் பிரியுமா? சனிக்கிழமை களத்தில் கழியும் நேரம் பணிச்சுமையில் சேருமா, அல்லது வெளிப்பணி என்று ‘ஆன் டியூட்டி’ மட்டும் போட்டுவிட்டு முடித்துக்கொள்வார்களா? இதற்கு எழுத்தில் பதில் வாங்காமல் எந்த நிதிக்கும் விண்ணப்பிக்காதீர்கள். வாய்மொழியாகச் ‘செய்யுங்கள், பார்த்துக்கொள்ளலாம்’ என்ற முதல்வர் அடுத்த ஜூனில் ஓய்வு பெற்றிருப்பார். உங்கள் தோழி ஷிஃப்ட் இரண்டில், சுயநிதிப் பிரிவில் பணிபுரிகிறார் என்றால் சிக்கல் இன்னும் கூடும்: உங்கள் வகுப்பு மதியத்தோடு முடியும், அவருடையது அப்போதுதான் தொடங்கும், இருவருக்கும் பொதுவான நேரம் சனிக்கிழமை காலை மட்டுமே. அவருக்கு அரசு ஊதியம் இல்லாததால் சில மத்திய நிதித் திட்டங்களில் தலைமைப் பொறுப்பில் அவர் பெயரைப் போட முடியாமலும் போகலாம். அறிவிப்பில் ‘நிரந்தரப் பணியாளர்’ என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள்.

இனிப் பணம். இத்தகைய பாடத்துக்கு ஆகும் செலவு நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. பெரும்பகுதி பேருந்தில்தான் போகும். ஒரு பருவத்தில் நான்கு களநாள்கள், 30 மாணவர்கள் என்று வைத்துக்கொண்டு பேருந்து வாடகை, காலை உணவு, குடிநீர், ஒருநாள் விபத்துக் காப்பீடு, முதலுதவிப் பெட்டி, நான்கைந்து பைனாகுலர்கள், நீர்ச் சோதனைக்கான ரசாயனப் பொருள்கள், வெளியிலிருந்து வந்து பேசுபவர்களுக்கு மதிப்பூதியம் என்று எழுதிப் பார்த்தால், என் மதிப்பீட்டில் ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள் அடங்கும். கல்லூரியில் ஏற்கெனவே உள்ள கருவிகளைப் பயன்படுத்தினால் இன்னும் குறையும். இந்தத் தொகைக்கு டில்லிக்கு எழுத வேண்டியதில்லை. உங்கள் கல்லூரி நிர்வாகத்தின் ஆய்வூக்க நிதி, முன்னாள் மாணவர் சங்கம், கடைசியாக நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி (சிஎஸ்ஆர்) என்ற வரிசையில் அணுகுங்கள். சென்னை ஐஐடியில் 2008-இல் மாணவர்களின் செய்முறை ஆர்வத்துக்காகத் தொடங்கிய புத்தாக்க மையத்துக்குப் பணம் தந்தது 1981-இல் படித்து முடித்த முன்னாள் மாணவர்கள்தான். அந்த அளவு உங்கள் கல்லூரிக்கு எட்டாது. ஆனால் ஒரு வகுப்புத் தோழர் குழு ஒன்று கூடும்போது ‘கட்டடத்துக்கு’ என்று கேட்பதைவிட ‘நான்கு சனிக்கிழமைப் பேருந்துக்கு’ என்று கேட்பது எளிது என்பதைப் பல முறை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முன்னாள் மாணவர் பணத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. வெளிநாட்டில் வாழ்பவர் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்து, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டால், நேற்றுவரை உங்கள் மாணவராக இருந்தவர் என்றாலும், அவர் தரும் ஒரு டாலரும் வெளிநாட்டு நன்கொடைகளை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டத்தின்கீழ் வரும்; கல்லூரியின் அறக்கட்டளைக்கு அந்தப் பதிவு இருந்தாக வேண்டும், பணம் டில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்கே வர வேண்டும். ஆர்வத்தில் உங்கள் சொந்தக் கணக்கில் வாங்கிவிடாதீர்கள். சிஎஸ்ஆர் நிதியைப் பொறுத்தவரை, 2013 நிறுவனச் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்கீழ் கல்வியும் சுற்றுச்சூழலும் அனுமதிக்கப்பட்ட தலைப்புகளே. ஆனால் பணம் பெறும் அமைப்பு சிஎஸ்ஆர்-1 பதிவு செய்திருக்க வேண்டும். அதோடு அந்த நிறுவனங்கள் பெயர்ப் பலகையும் புகைப்படமும் கேட்கும். சதுப்புநிலத்தைப் பற்றிய பாடத்துக்கு அருகிலேயே கட்டுமானம் செய்யும் நிறுவனத்திடம் பணம் வாங்குவதா என்பதை நீங்களே யோசியுங்கள்; நான் வாங்கமாட்டேன்.

விண்ணப்பத்தில் பரிசீலனைக் குழு எதைப் பார்க்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். ‘மாணவர்களிடம் சுற்றுச்சூழல் விழிப்புணர்வு ஏற்படும்’ என்ற வரி எல்லா விண்ணப்பங்களிலும் வரும். நாங்கள் அதைப் படிக்காமலே தாண்டிவிடுவோம். கண் நிற்கும் இடங்கள் வேறு. மூன்றாம் களநாளில் மாணவர் கையில் என்ன இருக்கும் என்று நீங்கள் எழுதியிருந்தால் அங்கே நிற்போம்: உதாரணமாக, பெருங்குடிப் பக்கத்துக் கரையில் ஒரு குழு பறவைகளை எண்ணும்போது, அதே கரையோரக் குடியிருப்பில் இன்னொரு குழு 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஒவ்வொரு வீடும் இழந்தது என்ன என்று கேட்டு எழுதும், மாலையில் இரு குழுக்களும் ஒரே வரைபடத்தில் தங்கள் தகவலைக் குறிக்கும். நீர் தேங்கும் இடம் சுருங்கியதும் வீட்டுக்குள் நீர் வந்ததும் ஒரே தாளில் சேரும்போதுதான் இது இரண்டு துறைகளின் பாடம் என்று நம்புவோம். அப்படி இல்லாமல், முதல் எட்டு வாரம் விலங்கியல், அடுத்த ஏழு வாரம் பொருளியல் என்று வந்தால் அது ஒரு கோப்பில் கட்டிய இரண்டு தாள்கள் மட்டுமே. மதிப்பீட்டையும் பார்ப்போம். களக் குறிப்பேட்டுக்கு எத்தனை மதிப்பெண், குழுவில் உழைக்காதவரை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், பருவத்தேர்வில் மூன்று மணி நேர எழுத்துத் தேர்வு கட்டாயம் என்றால் அதில் எதைக் கேட்பீர்கள் என்று எழுதியிருக்க வேண்டும். களத்தில் கற்பது வகுப்பறையில் கற்பதைவிட எப்போதும் ஆழமானது என்று அடித்துச் சொல்லாதீர்கள். அது எல்லாப் பாடத்துக்கும் பொருந்துமா என்பது இன்னும் வாதத்துக்குரியது. உங்கள் பாடத்தில் எந்த ஒரு கருத்து களமில்லாமல் விளங்காது என்று மட்டும் சொல்லுங்கள், போதும்.

அனுமதியும் காலமும் விண்ணப்பத்திலேயே வர வேண்டும். பள்ளிக்கரணை 2007 முதல் காப்புக்காடு, 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது; சாலையோரத்தில் நின்று பார்ப்பதற்கு அப்பால் உள்ளே இறங்கவும் மாதிரி எடுக்கவும் வனத்துறையின் எழுத்து அனுமதி தேவை, அதற்குக் குறைந்தது ஒன்றிரண்டு மாதம் ஒதுக்குங்கள். ஒற்றைப்படைப் பருவத்தில் வைத்தால் அக்டோபர், நவம்பர் மழையில் களநாள்கள் அடித்துக்கொண்டு போகும். இரட்டைப்படைப் பருவமே ஏற்றது: டிசம்பர் இறுதியிலிருந்து பிப்ரவரி வரை வலசைப் பறவைகளும் இருக்கும், வெயிலும் தாங்கும். ஆனால் நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. அரசு நிதியின் முதல் தவணை பிப்ரவரியில் கைக்கு வந்து, மார்ச்சுக்குள் செலவழிக்கச் சொன்னவர்களும் உண்டு. ஆகவே முதல் ஆண்டுக் களநாள்களைக் கல்லூரிப் பணத்தில் நடத்தும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

செலவுக் கணக்கில் ஒரு சிக்கலைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு கல்லூரியில், எண்ணூர்க் கழிமுகத்தில் இறால் பிடிக்கும் மீனவர் ஒருவர் வந்து, ஏற்றவற்றத்தையும் சாம்பல் படிந்த பின் ஆழம் குறைந்ததையும் கைவிரலால் மேசையில் வரைந்து காட்டி இரண்டு மணி நேரம் பேசினார். அந்தப் பருவத்தின் ஆகச் சிறந்த வகுப்பு அதுதான். அவருக்கு மதிப்பூதியம் தர வவுச்சர் எழுதியபோது, படிவத்தில் பதவி, கல்வித் தகுதி, பான் எண் என்று மூன்று கட்டங்கள். மூன்றும் காலியாக இருந்ததால், கல்லூரியின் கணக்கு வழக்கைப் பார்க்கும் பர்சார் அலுவலகம் கையொப்பமிட மறுத்தது; அவர் பணமில்லாமல் பேருந்து ஏறிப் போனார். இதைத் தவிர்க்க, நிதிக் குழு வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தரும்போதே ‘உள்ளூர் அறிவாளர் மதிப்பூதியம், கல்வித் தகுதி நிபந்தனையின்றி’ என்று ஒரு தலைப்பையும் ஒரு தொகையையும் எழுதி வாங்கிவிடுங்கள். 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் தந்தால் ரசீதில் ரெவின்யூ ஸ்டாம்ப் வேண்டும். அதற்குக் குறைவாக வைத்துக்கொண்டால் கையொப்பமோ கைநாட்டோ போதும் என்று பெரும்பாலான அலுவலகங்கள் ஒப்புக்கொள்கின்றன. பேருந்துக்கு மூன்று கொட்டேஷன் வாங்கி வைப்பது எந்த நிதியானாலும் பாதுகாப்பு. மத்திய நிதி என்றால் இறுதியில் மத்திய அரசின் பொது நிதி விதிகளில் உள்ள ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழும் ஆடிட்டர் கையொப்பமிட்ட செலவுக் கணக்கும் தர வேண்டும். மீந்த தொகையையும் அதற்கு வந்த வட்டியையும் திருப்பி அனுப்ப வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் அடுத்த முறை உங்களுக்கு மட்டுமல்ல, உங்கள் கல்லூரியில் வேறு யாருக்கும் அந்த அலுவலகத்திலிருந்து பணம் வராது.

நல்கையிலிருந்து உங்களுக்கும் தோழிக்கும் மதிப்பூதியம் எடுத்துக்கொள்ளலாமா என்பது நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்ட கேள்வி. தயங்க வேண்டியதில்லை, கேட்பதில் தவறும் இல்லை. அரசு ஊதியம் பெறும் ஆசிரியர் தன் வழக்கமான பணிக்கு அரசு நிதியிலிருந்து கூடுதல் தொகை பெறுவதைப் பெரும்பாலான திட்டங்கள் அனுமதிப்பதில்லை. ஆகவே உங்களுக்கு அது கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். முன்னாள் மாணவர் நிதி, நிர்வாக நிதி என்றால் நிர்வாகத்தின் தீர்மானத்தோடு தரலாம். அப்போதும், உங்கள் தோழி சுயநிதிப் பிரிவில் குறைந்த ஊதியத்தில் இருப்பவர் என்றால் அவருக்கு முதலில் கேளுங்கள். உங்களுக்கு என்று கேட்பதானால் பணமாக அல்லாமல், அந்தப் பருவத்தில் ஒரு தாளைக் குறைத்துத் தரும்படி கேளுங்கள். அந்த இடத்தில் கௌரவ விரிவுரையாளர் ஒருவரை அமர்த்த ஆகும் செலவை நல்கையின் வரவு செலவுத் திட்டத்திலேயே ஒரு வரியாகக் காட்டலாம். தனியார் நன்கொடையில் இதற்குத் தடை இராது, முதல்வருக்கும் கால அட்டவணைச் சிக்கல் தீரும்.